சேலம், ஏற்காட்டு நிலத் தரகர் எதை எழுதி வைக்க வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிலம், வீடு வாங்கி விற்கும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகள் கேட்கும் கேள்விகள் இவை. எல்லாம் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வருகின்றன: வாடிக்கையாளருக்காகத் தரகர் எழுதும் குறிப்பு இந்த மாதத்தோடு பழசாகிவிடாமல், ஐந்து பத்து வருடம் கழித்தும் ஒருவர் எடுத்துப் படிக்கும்படி இருக்க என்ன செய்வது? கையேடாக அச்சடித்துக் கொடுங்கள், செல்போனில் அனுப்புங்கள், எப்படிச் சேர்த்தாலும் எழுத வேண்டிய சரக்கு ஒன்றுதான்.

எதற்காக எழுத வேண்டும்? மனைக்கு விளம்பரம் போட்டால் போதாதா?

"சீலநாயக்கன்பட்டி, 1,200 சதுர அடி, கிழக்குப் பார்த்த மனை, உடனே அழைக்கவும்" என்று போடுகிறோம். மனை விற்றதும் அந்த வரிக்கு வேலை முடிந்தது. அதை யாரும் இரண்டாவது முறை தேடி வர மாட்டார்கள்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முந்தின ராத்திரி ஒரு குடும்பம் உட்கார்ந்து பேசுவதை யோசித்துப் பாருங்கள். நகையை வைத்து, ஊரில் இருந்த கொஞ்சம் காட்டை விற்று, வெள்ளிப்பட்டறையில் சம்பாதித்ததைச் சேர்த்து வைத்த பணம். "பட்டா சரியாத்தான் இருக்குங்களா? விக்கிறவரோட தங்கச்சி நாளைக்கு வந்து பங்கு கேட்டா? மழை வந்தா ஏரித் தண்ணி உள்ள வருமா?" இருபது வருடத்துக்கு முன்பும் இவற்றைத்தான் கேட்டார்கள். இன்னும் இருபது வருடம் கழித்தும் கேட்பார்கள். அந்த ராத்திரிக்குப் பதில் சொல்லும் எழுத்துதான் நிலைக்கும். மனை கைமாறிய பிறகும் அதை எழுதியவர் பெயர் அந்த வீட்டில் இருக்கும்.

எது நிலைக்கும், எது நிலைக்காது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எழுதிய வரியை மூன்று வருடம் தள்ளி வைத்துப் படித்துப் பாருங்கள். அப்போதும் உண்மையாக இருக்குமா? இருக்கும் என்றால் எழுதலாம்.

சேலம்–சென்னை எட்டு வழிச்சாலை நல்ல உதாரணம். 2018இல் திட்டம் வந்ததும் அந்தப் பக்கத்து நிலத்துக்கெல்லாம் "எட்டு வழிச்சாலை அருகில்" என்ற வரி ஒட்டிக்கொண்டது. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் நிலம் எடுக்கும் அறிவிக்கைகளை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் திட்டத்தைத் தொடர வழி விட்டது. அந்த ஒரே வரியை நம்பி நிலம் வாங்கியவர் இந்த ஏற்ற இறக்கம் முழுவதையும் தன் பணத்தில் அனுபவித்தார். காமலாபுரம் விமான நிலையமும் அப்படித்தான். 2018இல் சிறு ஊர்களுக்கு விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் விமானம் வந்தது, இடையில் நின்றது, 2023 அக்டோபரில் மறுபடி தொடங்கியது.

இதற்காக சாலையையும் விமானத்தையும் பற்றி எழுதவே கூடாது என்று சொல்லவில்லை. "நிலம் எடுப்பு அறிவிக்கை என்றால் என்ன, என் சர்வே எண் அதில் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது, நிலம் எடுக்கப்பட்டால் இழப்பீட்டைக் கணக்கிடுவது எந்தச் சட்டம்" என்று எழுதுங்கள். 2013ஆம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டத்தை எளிய தமிழில் விளக்கிய ஒரு பக்கம், எட்டு வழிச்சாலை வந்தாலும் வராவிட்டாலும் உதவும். நாளைக்கு வரப்போகும் புறவழிச்சாலைக்கும் உதவும்.

முதலில் எதைப் பற்றி எழுதுவது?

ஆவணங்களைப் பற்றி. அதிலும் ஒவ்வொரு ஆவணமும் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதைப் பற்றி. இரண்டாவது பாதியைப் பெரும்பாலானவர்கள் எழுதுவதே இல்லை, அதனால்தான் நீங்கள் எழுத வேண்டும்.

ஈசி என்று சொல்கிற வில்லங்கச் சான்றிதழையே எடுத்துக்கொள்வோம். "ஈசி சுத்தமா இருக்குங்க" என்ற ஒரு வார்த்தையில் எத்தனையோ பேரம் முடிகிறது. பதிவுத்துறை இணையதளத்தில் 1975 முதல் உள்ள பதிவுகளுக்கு வில்லங்கம் பார்க்கலாம். அதற்கு முந்தையது இணையத்தில் கிடைக்காவிட்டால் சார்பதிவாளர் அலுவலகத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். 30 வருட வில்லங்கம் பார்ப்பது வழக்கம். அதில் பதிவான விற்பனை, அடமானம், தானம், பாகப்பிரிவினை எல்லாம் வரும். பதிவாகாத உயில் வராது. பதிவாகாத விற்பனை ஒப்பந்தம் வராது. யார் அந்த வீட்டில் வாடகைக்கு உட்கார்ந்திருக்கிறார் என்பது வராது. நீதிமன்றத்தில் நடக்கும் பாகப்பிரிவினை வழக்கும் பல நேரம் அதில் தெரியாது. சர்வே எண்ணை ஒரு உட்பிரிவு தவறாகக் கொடுத்துத் தேடினால் "வில்லங்கம் இல்லை" என்றே சான்றிதழ் வந்துவிடும். வில்லங்கமே இல்லாத அந்த நிலம், நாம் வாங்கப்போகும் நிலம்தானா என்று பார்க்க வேண்டும் என்பதை ஒரு வரியாவது எழுதுங்கள்.

அடுத்து பட்டா. பட்டா பெயரில் இருந்தால் நிலம் அவருடையது என்று நம்புகிற வழக்கம் நம் ஊரில் ஆழமாக இருக்கிறது. பட்டா வருவாய்த்துறைப் பதிவு. உரிமை வருவது பத்திரத்தில். தாய்ப்பத்திரத்திலிருந்து, அதாவது உரிமை தொடங்கும் பழைய மூலப்பத்திரத்திலிருந்து, இன்றைய விற்பவர் வரை சங்கிலி அறாமல் வருகிறதா என்று பார்த்துவிட்டு, அந்தக் கடைசிக் கண்ணியில் உள்ள பெயரும் பட்டாவில் உள்ள பெயரும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். வருவாய்த்துறையின் நிலப் பதிவேடான "ஏ" பதிவேட்டில் அந்த சர்வே எண் அரசுப் புறம்போக்கு என்றோ, ஏரி உள்வாய் என்றோ இருந்தால் கையில் உள்ள பத்திரம் எவ்வளவு பழசாக இருந்தாலும் நிறுத்திவிட வேண்டியதுதான். நிலத்தின் எல்லைகளை அளந்து வரைந்த புலப்பட வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சர்வேயரை வைத்து நான்கு மூலைக் கல்லையும் பார்ப்பது கடைசி வேலை. மாநகராட்சிக்குள் உள்ள பழைய பகுதிகளில் நகர நில அளவைப் பதிவேடும் பார்க்க வேண்டும்.

உரிமையாளர் தனக்காக விற்கும் அதிகாரத்தை இன்னொருவருக்குக் கொடுக்கும் பவர் பத்திரத்தில் விற்பனை என்றால் அதற்குத் தனியாக ஒரு பக்கமே ஒதுக்கலாம். பவர் கொடுத்தவர் இறந்த நாளோடு பொதுவாக அந்த அதிகாரம் முடிந்துவிடும். அதனால்தான் பதிவின்போது அவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்று கேட்கிறார்கள். பவர் பத்திரத்தையும் ஒப்பந்தத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு நிலம் தனக்குச் சொந்தம் என்று சொல்ல முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 2011இல் சூரஜ் லாம்ப் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

குடும்பச் சொத்தில் பெண்களின் பங்கைப் பற்றி எழுதினால் வீட்டுச் சண்டையில் தலையிட்டது போல ஆகாதா?

ஆகாது, எழுதியே ஆக வேண்டும். நான் பார்த்த வரை நம் பக்கத்தில் பத்திரம் நின்றுபோகும் இடம் பெரும்பாலும் இதுதான். அண்ணன் தம்பிகள் கையெழுத்துப் போடத் தயாராக இருப்பார்கள். "தங்கச்சிக்குக் கல்யாணத்துல பவுன் போட்டாச்சுங்க, அதுக்குப் பங்கு கிடையாது" என்பார்கள். நகை போட்டது பங்கைத் தீர்க்காது.

தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்புரிமை உண்டு. அந்தத் தேதிக்கு முன் திருமணமான மகள்களுக்கு அன்று அது பொருந்தவில்லை. 2005இல் மத்திய சட்டம் திருத்தப்பட்டு அந்த வேறுபாடும் போனது. 2005 செப்டம்பர் 9 அன்று தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தை, வேண்டியதில்லை என்று 2020இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவு செய்து முடிந்த பாகப்பிரிவினைகள் மட்டும் பெரும்பாலும் அப்படியே நிற்கும். தாத்தாவிடமிருந்து வந்த பூர்வீகச் சொத்தும் அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்தும் ஒன்றல்ல என்பதையும், அப்பா உயில் எழுதாமல் இறந்திருந்தால் சுயசம்பாத்தியத்திலும் மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு உண்டு என்பதையும் உதாரணக் குடும்பம் ஒன்றை வைத்து விளக்குங்கள். வாரிசுச் சான்றிதழில் உள்ள எல்லாப் பெயரும் பத்திரத்தில் வந்திருக்கிறதா என்று வாங்குபவர் எண்ணிப் பார்க்கப் பழகினாலே பாதி வழக்குகள் பிறக்காது. மைனர் பெயரில் உள்ள சொத்தை விற்க நீதிமன்ற அனுமதி தேவைப்படும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இதை எழுதுவதில் எனக்கு ஒரு சந்தோஷம் உண்டு. வாங்குபவருக்காக எழுதியதைப் படித்து, தனக்கும் பங்கு இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் பெண்கள் இருப்பார்கள்.

அளவுகளைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? எல்லோருக்கும் சென்ட் தெரியுமே?

சென்ட் தெரியும், பட்டா சென்ட்டில் இருக்காதே. பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று இருக்கும், பத்திரத்தில் ஏக்கர், சென்ட் இருக்கும், லேஅவுட் வரைபடத்தில் சதுர அடி இருக்கும். பட்டாவில் 0.12.50 என்று போட்டிருந்தால் அது 12.5 ஏர், அதாவது 1,250 சதுர மீட்டர். ஒரு ஏர் சுமார் 2.47 சென்ட் என்பதால் ஏறத்தாழ 30.9 சென்ட் வரும். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஆக 13,455 சதுர அடி. இந்த ஒரு கணக்கைப் படிப்படியாகப் போட்டுக் காட்டினால் போதும். சென்னைக்காரர்கள் கிரவுண்ட் என்று கேட்பார்கள், அது 2,400 சதுர அடி. இந்தப் பக்கத்துக்கு எப்போதும் திருத்தமே தேவைப்படாது.

அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பற்றி எப்படி எழுதுவது?

வரலாற்றைச் சொல்லி எழுதுங்கள், அப்போதுதான் படிப்பவருக்குக் காரணம் புரியும். பல வருடம் விவசாய நிலத்தைக் கல் நட்டு மனையாகப் பிரித்து, அனுமதி எதுவும் வாங்காமலேயே விற்றார்கள். பத்திரமும் பதிவானது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அப்படிப்பட்ட மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. 2017 மே மாதம் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20ஆம் தேதிக்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்கே அந்த வழி திறந்தது. இந்தத் தேதி மாறாது. அதற்குப் பிறகு பிரித்த அனுமதியற்ற மனையை "பின்னாடி ரெகுலரைஸ் பண்ணிக்கலாம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம் என்று நேரடியாக எழுதுங்கள்.

பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்துப் போட்ட வரைபடத்தை "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று காட்டுவது இன்னும் நடக்கிறது. நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகார எண்ணைக் கேட்டு வாங்கி, அந்த வரைபடத்தில் உங்கள் மனை எண், சாலை அகலம், பூங்காவுக்கு விட்ட இடம் மூன்றையும் நேரில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பூங்கா இடத்தையே மனையாக விற்ற சம்பவங்கள் உண்டு.

முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் எல்லாம் மாறிக்கொண்டே இருக்கின்றனவே, எழுதினால் பழசாகிவிடாதா?

விகிதம் பழசாகும், கணக்குப் போடும் முறை ஆகாது. எந்த எண்ணை எழுதினாலும் பக்கத்திலேயே தேதியைப் போட்டுவிடுங்கள்.

2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை, அதாவது பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் கைடுலைன் வேல்யூவை, 33 சதவீதம் குறைத்து, பதிவுக் கட்டணத்தை 4 சதவீதமாக உயர்த்தினார்கள். 2023 ஏப்ரலில் மதிப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, கட்டணத்தை 2 சதவீதமாக்கினார்கள். அதனால் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 2024 ஜூலையில் வழிகாட்டி மதிப்புகள் மறுபடி திருத்தப்பட்டன. 2025 ஏப்ரல் 1 முதல் 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. இப்படித் தேதி வரிசையில் எழுதினால், நாளைக்கு மாற்றம் வரும்போது நீங்கள் ஒரு வரி சேர்த்தால் போதும், பக்கம் உயிரோடு இருக்கும்.

வழிகாட்டி மதிப்பு 20 லட்சம் என்றால் 1,40,000 தீர்வை, 40,000 கட்டணம் என்று உதாரணம் போடுங்கள். 50 லட்சத்தை எட்டும் சொத்தில் வாங்குபவர் 1 சதவீதம் வரி பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும் என்பது பலருக்குப் பதிவு நாளன்றுதான் தெரிய வருகிறது. அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஏற்காட்டு நிலத்தைப் பற்றி எழுதும்போது எதை விடக் கூடாது?

இதற்குப் பதில் நீளும். பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் மே மாதம் கோடை விழாவுக்கு வந்து, ஏரிக்கரையில் நின்று குளிரை அனுபவித்துவிட்டு, "இங்க ஒரு பத்து சென்ட் வாங்கிப் போடலாமே" என்று கேட்பவர்கள்தான் ஏற்காட்டில் பெரும்பாலான வாடிக்கையாளர்கள். மலையை ஒரு மாதத்தில் மட்டும் பார்த்தவர்கள். அவர்களுக்கு மற்ற பதினோரு மாதத்தையும் காட்டுவது உங்கள் எழுத்தின் வேலை.

பாதையிலிருந்து தொடங்குங்கள். சேலம் அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறும் பாதை ஒன்று, குப்பனூர் வழியாக வரும் பாதை இன்னொன்று. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. வீடு கட்டப் போகிறவர் செங்கல், ஜல்லி, கம்பி எல்லாவற்றையும் இந்தப் பாதையில்தான் ஏற்ற வேண்டும். கீழே கட்டும் அதே வீட்டுக்கு மேலே செலவு கூடும் என்பதை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

சட்டம் மலையில் வேறு மாதிரி. ஏற்காடு மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாட்டில் வருகிறது. கீழே எடப்பாடியிலோ ஆத்தூரிலோ மனை பிரிப்பது போல இங்கே பிரித்துவிட முடியாது. மரத்துக்கும் சட்டம் உண்டு: 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி, உங்கள் பட்டா நிலத்தில் நிற்கும் மரத்தை வெட்டவும் அனுமதி தேவை. "மரத்தை எடுத்துட்டா வியூ சூப்பரா இருக்கும் சார்" என்று சொல்லி நிலத்தை விற்பது வாங்குபவரை வம்பில் மாட்டிவிடுவது. மரம் போனால் சரிவில் மண்ணும் நிற்காது.

காபித் தோட்டத்தைப் பிரித்து விற்கும்போது இன்னும் கவனம் வேண்டும். காபி இந்த மலைக்கு 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் வந்தது. பெரிய எஸ்டேட்டுகள் அந்த வழியில் உருவானவை. ஒருவர் எவ்வளவு நிலம் வைத்திருக்கலாம் என்று வரம்பு வைக்கும் 1961ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டத்தில் தோட்டப் பயிர் நிலங்களுக்கு விலக்கு உண்டு. தோட்டமாக இருப்பதால் கிடைத்த விலக்கு, அதை வீட்டு மனையாக மாற்றும்போது கேள்விக்கு உள்ளாகும். எஸ்டேட் துண்டு வாங்குகிறவர் இதை வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிந்த பிறகே அட்வான்ஸ் கொடுக்க வேண்டும் என்று எழுதுங்கள்.

மலைக்கிராமங்களில் பழங்குடி மலையாளி மக்களின் நிலங்கள் நிறைய. அரசு ஒப்படைப்பு செய்த நிலம் என்றால் பட்டாவிலேயே நிபந்தனை இருக்கும். அதை மீறி வாங்கினால் வாங்கியவருக்கும் நிலைக்காது, அந்தக் குடும்பமும் ஒரே ஆதாரத்தை இழந்துவிடும். சமவெளியில் பஞ்சமி நிலங்களுக்கும் இதே எச்சரிக்கைதான். 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட அந்த நிலத்தைப் பிறர் வாங்கவே கூடாது. கோயில் நிலத்தையும் அறநிலையத்துறையின் அனுமதி இல்லாமல் விற்க முடியாது. "ரொம்பக் கம்மி விலைக்கு வருது" என்ற இடங்களில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இவற்றைத்தான். இதில் தரகருக்குக் கமிஷன் வரும் என்பதற்காக வாயை மூடிக்கொள்வதை என்னால் ஏற்க முடியாது.

பிறகு தண்ணீர். இவ்வளவு மழை பெய்யும் மலையில் தண்ணீருக்குப் பஞ்சமா என்று கேட்பார்கள். பெய்த மழை சரிவில் இறங்கிக் கீழே போய்விடும். ஏப்ரல், மே மாதத்தில் அந்த இடத்துக்கு ஊற்று இருக்கிறதா, கிணறு வற்றுகிறதா, லாரித் தண்ணீர் வாங்குகிறார்களா என்று பக்கத்துத் தோட்டத்தில் கேட்டு எழுதுங்கள். காப்புக்காட்டு எல்லை எவ்வளவு தூரம், காட்டெருமை வரும் பாதையா, இரவில் ஆஸ்பத்திரிக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும் என்பதையும்.

சேலத்தில் ஒரு பகுதியைப் பற்றி எழுதுவது எப்படி?

பள்ளி, கோயில், பஸ் ஸ்டாண்ட் தூரத்தை வரைபடமே சொல்லிவிடும். வரைபடம் சொல்லாததை எழுதுங்கள்.

பெருமழை பெய்த மறுநாள் காலையில் அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். சேர்வராயன் மலையில் பெய்யும் மழை கன்னங்குறிச்சி பக்கம் இறங்கி மூக்கனேரிக்கு வருகிறது. திருமணிமுத்தாறு ஊருக்கு நடுவே ஓடுகிறது. தண்ணீருக்குத் தன் பழைய பாதை மறக்காது. ஒரு மனை பழைய ஓடையின் மேல் இருக்கிறதா என்பதை அங்கே நாற்பது வருடமாகக் குடியிருக்கும் பாட்டி சொல்லுவார். சுவரில் தண்ணீர் நின்ற தடம் இருந்தால் படம் எடுத்து வையுங்கள்.

மாநகராட்சித் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று மூன்று வீட்டில் கேளுங்கள். சேலம் கடினப் பாறை நிலம், ஒரு வீட்டில் போர் போட்டால் தண்ணீர் வரும், அடுத்த வீட்டில் புழுதி வரும். கருப்பூர், செட்டிச்சாவடி பக்கம் மாக்னசைட் சுரங்கங்கள் இருக்கும் ஊர் இது. சுரங்க குத்தகை எல்லை எங்கே என்று தெரிந்துகொள்ளாமல் அந்தப் பக்கத்து நிலத்தைப் பரிந்துரைக்கக் கூடாது. சூரமங்கலத்தில் ரயில் சத்தம், நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிச் சத்தம், பாதாளச் சாக்கடை வந்த தெரு, வராத தெரு. கிடைத்ததை அப்படியே எழுதுங்கள்.

விலையை எழுதலாமா?

வேண்டாம். விலை மாறும், எழுதியது சாட்சியாக நிற்கும். விலையை முடிவு செய்யும் காரணங்களை எழுதுங்கள்: சாலை அகலம், மூலை மனை, தெருக்குத்து, அங்கீகாரம், குடிநீர் இணைப்பு. கைடுலைன் வேல்யூவுக்கும் சந்தை விலைக்கும் ஏன் வித்தியாசம் வருகிறது என்பதையும்.

"மூன்று வருடத்தில் இரட்டிப்பாகும்" என்று எந்தச் சூழ்நிலையிலும் எழுதாதீர்கள்.

எழுதுவதற்குச் சட்டக் கட்டுப்பாடு இருக்கிறதா?

2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் இருக்கிறது. 500 சதுர மீட்டரைத் தாண்டும் மனைத் திட்டத்தைத் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை (ரெரா) ஆணையத்தில் பதிவு செய்யாமல் விளம்பரப்படுத்தவே முடியாது. அப்படிப்பட்ட திட்டங்களில் விற்பனைக்கு உதவும் தரகரும் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு செய்யாத தரகருக்கு நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், சொத்தின் மதிப்பில் 5 சதவீதம் வரை அபராதம் போகலாம். இல்லாத வசதியை இருப்பதாகச் சொல்வது நியாயமற்ற வணிக நடைமுறை. "நீச்சல் குளம் வரும்" என்று நீங்கள் எழுதிய வரியை வாங்கியவர் ஆணையத்தில் எடுத்து வைப்பார்.

குறைகளை எழுதினால் வியாபாரம் போய்விடாதா?

சில வியாபாரம் போகும், உண்மைதான். "இந்தத் தெருவில் மழைக்குத் தண்ணீர் நிற்கும்" என்று எழுதினால் அந்தத் தெருவில் மனை வைத்திருப்பவர் உங்களிடம் கொடுக்க யோசிப்பார். ஆனால் வாங்க வருபவர் அதைப் படித்ததும் நீங்கள் எழுதிய மற்றதையும் நம்ப ஆரம்பிக்கிறார். அடித்தளத்தை இரண்டு அடி உயர்த்திக் கட்டத் தயாராக இருப்பவர், விலை குறைவு என்பதால் அதே மனையைத் தெரிந்தே வாங்குவார். தெரிந்து வாங்கியவர் பிறகு சண்டைக்கு வருவதில்லை. தன் மச்சானுக்கு இடம் தேடும்போது "அண்ணனக் கேளு, மறைக்காம சொல்வாரு" என்று அனுப்பி வைக்கிறார். நம் ஊரில் தரகுத் தொழில் வாய்ச்சொல்லில் நடப்பது, அந்த வாய்ச்சொல்லை விலைக்கு வாங்க முடியாது.

எந்த நடையில் எழுதுவது?

வாடிக்கையாளரிடம் பேசுகிற மாதிரி. பத்திர எழுத்தர் தமிழ் படிப்பவரைத் தள்ளி நிறுத்தும். அதே நேரம் "கிரயம்", "பாத்தியம்", "விடுதலைப் பத்திரம்", "மேற்படி சொத்து" போன்றவை பத்திரத்தில் வரத்தான் செய்யும், அதனால் ஒவ்வொன்றையும் ஒரு வரியில் விளக்கிவிடுங்கள். ஈசி, பட்டா, லேஅவுட், அப்ரூவல் எல்லாம் மக்கள் சொல்லும் வார்த்தைகள், அப்படியே இருக்கட்டும்.

வாடிக்கையாளருக்கு நடந்ததை உதாரணமாகச் சொல்லலாமா?

பெயர், ஊர், சர்வே எண் மூன்றையும் எடுத்துவிட்டு, அவரிடம் கேட்டுவிட்டுச் சொல்லலாம். சிறிய ஊரில் "வெள்ளிக்கடை வைத்திருக்கும் இரண்டு அண்ணன் தம்பிகள்" என்றாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள், அதனால் தொழிலையும் மாற்றுங்கள்.

வேறு இடத்தில் கிடைக்கும் தகவலை எடுத்துப் போடலாமா?

வேண்டாம். கர்நாடகத்து விதியையும் மும்பை விதியையும் தமிழில் மாற்றி எழுதியவை ஏராளமாகச் சுற்றுகின்றன. முத்திரைத் தீர்வையும் நில ஆவணமும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பட்டாவைப் பற்றி எழுத வேண்டுமென்றால் உங்கள் தாலுகா அலுவலகத்தில் ஒரு பட்டா மாறுதல் எப்படி நடக்கிறது என்று கூடவே போய்ப் பாருங்கள்.

எழுதியதை எப்போது திருத்துவது?

மாநில பட்ஜெட் வந்ததும் கட்டணப் பக்கத்தை, வழிகாட்டி மதிப்பு மாறியதும் உதாரணக் கணக்கை, பெரிய தீர்ப்பு வந்ததும் வாரிசுப் பக்கத்தை. பகுதிகளைப் பற்றிய குறிப்புகளை ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் ஒருமுறை நடந்து பார்த்துத் திருத்துங்கள், புதிதாக வடிகால் போட்டிருப்பார்கள், அல்லது ஒரு வாய்க்காலை மூடியிருப்பார்கள். பக்கத்தின் தலையில் கடைசியாகத் திருத்திய மாதமும் வருடமும் இருக்கட்டும். அளவுகளும், பத்திரச் சங்கிலியைப் படிக்கும் முறையும், வில்லங்கத்தில் எது வராது என்ற பட்டியலும் பெரும்பாலும் அப்படியே இருக்கும், அவற்றைத் தொட வேண்டியதில்லை.